முகம் இல்லாத அழைப்பு

படத்தைச் செழியனே கழற்றினான். ஆறடி உயர பேனர். அமெரிக்காவில் ஃபிரிஸ்கோ நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தின் நடுச்சுவரில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பச்சைப் பட்டுப்புடவையில் அவன் மனைவி தாமரைச்செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே 'தாமரைக்காக ஒரு நிமிடம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நாற்காலியில் ஏறி முடிச்சை அவிழ்த்தான். சுருட்டினான். மேசை மேல் வைத்தான்.

முல்லை மன்றத்தின் சித்திரை விழா தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பின்வாசல் வழியாகப் பொங்கல் டிரேக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அதை விட்டுவிட்டுத் தலைவர் ஜம்புநாதன் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"தம்பி, என்ன இது? காலைல ஆறு மணிக்கு நானே ஏணி போட்டுக் கட்டினது."

"தெரியும் அங்கிள். வேண்டாம்."

அவர் கையை அவன் தோளில் வைத்தார். ஐந்து மாதமாக எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள். அந்த இடம் மரத்துப்போய்விட்டது.

"பார்க்கக் கஷ்டமாத்தான் இருக்கும். புரியுது. உங்க கண்ணுல படாத மாதிரி அந்தப் பக்கம் மாட்டிடறேன்."

"கஷ்டத்துக்காக இல்ல. படம் இருந்தா ஜனங்க பொய் சொல்றாங்க."

ஜம்புநாதன் கையை எடுத்துக்கொண்டார்.

போன வருஷமும் இதே விழா, இதே கூடம். தாமரைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பொருத்தமான ஒருவர் ஸ்டெம் செல் கொடுத்தால் பிழைக்கலாம் என்றார்கள். கொடையாளர் ரிஜிஸ்ட்ரியில் நம்மவர்கள் குறைவு. மன்றம் களத்தில் இறங்கியது. பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து, உறையில் போட்டு, பெயரெழுதிக் கொடுத்தால் ரிஜிஸ்ட்ரியில் சேர்ந்துவிடலாம். ஒரே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கொடுத்தார்கள். அன்று செழியன் வாசலில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் நம்பரையும் எழுதி, ஒவ்வொருவரையும் கும்பிட்டான்.

ஆகஸ்டில் முழுப் பொருத்தமாக ஒருவர் கிடைத்தார். யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள். வருகிறேன் என்றாராம். தாமரை புதுத் தலையணை உறை வாங்கச் சொன்னாள். பதினெட்டாம் நாள் அவர் வர மாட்டேன் என்றார். அதற்குள் அவள் உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போயிருந்தது. பாதிப் பொருத்தமே உள்ள அவள் அண்ணனிடம் எடுத்து ஏற்றினார்கள். அதன்பின் அறுபத்திரண்டு நாள் இருந்தாள்.

ஜனவரியில் செழியன் அந்தப் பட்டியலை எடுத்தான். ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஃபோன் செய்தான். எல்லோரிடமும் ஒரே கேள்வி. முன்பின் தெரியாத ஒருவருக்காக நாளைக்கு அழைத்தால் போவீர்களா?

பாதிப் பேர் எடுக்கவே இல்லை. எடுத்தவர்களில் கட்டாயம் போவேன் என்றவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். மற்றவர்களிடம் ஏன் என்று கேட்டான். இரண்டே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. 'வீட்டுல விட மாட்டாங்க' என்பது ஒன்று. 'தாமரைக்காகத்தானே குடுத்தோம், இனிமே எதுக்கு?' என்பது இன்னொன்று.

அதனால்தான் இந்த வருஷம் அவன் மேசையில் இரண்டு விதிகள். படம் கிடையாது. குச்சியைத் தொடுவதற்கு முன், வீட்டில் யார் தடுப்பார்களோ அவருக்கு அங்கேயே ஃபோன் போட வேண்டும்.

"ஃபோனா? ஃபங்ஷன்ல நின்னுக்கிட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டு எவன்யா பர்மிஷன் கேப்பான்?" என்றார் ஜம்புநாதன். "லோக்கல் டிவிக்கு ஐநூறு பேர்னு சொல்லியாச்சு. நீங்க வர்றவனை எல்லாம் விரட்டப் பாக்கறீங்க."

"பர்மிஷன் கேக்கறதுக்கு இல்ல. வீட்டுல சொல்ற 'வேண்டாம்'ங்கறதை இன்னிக்கே காதால கேட்டுரணும். அதுக்கப்புறமும் நிக்கறவன்தான் அன்னிக்கும் நிப்பான்."

ரிஜிஸ்ட்ரியின் தன்னார்வலர் ஹம்சா உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிளேனோவில் மருந்துக்கடை வேலை, வாய்க்கு வாய் புள்ளிவிவரம் கேட்கிறவள். "செழியன், நான் ஒண்ணு கேக்கட்டுமா? அந்த அம்பத்தெட்டுப் பேர் இருக்காங்களே, அவங்கள்லயே எத்தனை பேர் உங்க ஃபோன் விதியைப் பார்த்துட்டு ஓடியிருப்பாங்க? நல்லவங்களையும் சேர்த்து விரட்டினா நஷ்டம்தானே?"

"தெரியல."

"தெரியலன்னா எப்படி?"

"தெரிஞ்சுக்கலாம். எல்லாருக்கும் சாப்பாட்டு டோக்கன் குடுக்கறீங்கல்ல அங்கிள்? ஒற்றைப்படை நம்பர் உங்க மேசை. இரட்டைப்படை என் மேசை. நீங்க போன வருஷம் மாதிரியே பண்ணுங்க. நான் என் மாதிரி பண்றேன். ஆறு மாசம் கழிச்சு எல்லாருக்கும் ஃபோன் போட்டு எந்த மேசைல அதிகம் பேர் மிச்சம் இருக்காங்கன்னு பார்ப்போம்."

ஜம்புநாதனுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. "போட்டிங்கறீங்களா? சரி, வாங்க. ஆனா போன வருஷம் மாதிரின்னா படமும் வேணும்."

செழியன் மேசை மேலிருந்த சுருளைப் பார்த்தான். அவர் சொன்னது நியாயம். படமில்லாமல் வைத்தால் அது போன வருஷ மேசை ஆகாது. சுருளைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் அந்தக் கோடிக்குப் போனான். நாற்காலியில் ஏறி, பிரித்து, முடிச்சுப் போட்டான். இடது பக்கம் இறங்கியிருந்தது. அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

பதினோரு மணிக்குக் கூட்டம் நெரிந்தது. அந்தப் பக்கம் படத்துக்கு முன்னால் வரிசை. மூன்று நாற்காலியில் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று தேய்த்துக் கொடுத்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு வடைக்குப் போனார்கள். செழியனின் மேசையைச் சுற்றி ஆறேழு பேர் ஒரே சமயத்தில் ஃபோனில் பேசியும் ஆளுக்கு இருபது நிமிடம் ஆனது.

"யாருக்காகக் குடுக்க வந்தீங்க?" என்று முதலில் கேட்டான்.

"தாமரைக்காகங்க" என்றார் டோக்கன் பன்னிரண்டு.

"அவங்க செத்துட்டாங்க. வேற யாருக்காவது குடுப்பீங்களா?"

அவருக்கு முகம் சிவந்தது. "நல்லதுக்கு வந்தவனை இன்டர்வியூ பண்றீங்களே சார்" என்று எழுந்து எதிர் மேசைக்குப் போய்விட்டார். செழியன் தடுக்கவில்லை. 'பன்னிரண்டு, போய்விட்டார், என் கணக்கு' என்று எழுதிக்கொண்டான். எங்கே போய்க் கொடுத்தாலும் இரட்டைப்படை அவனுடையதுதான்.

அடுத்து நாகலக்ஷ்மி என்ற பெண் கணவனோடு வந்து உட்கார்ந்தாள்.

"வீட்டுல யார் தடுப்பாங்க? அவங்களுக்கு ஃபோன் போடணும்."

"ஃபோன் வேஸ்ட். இதோ பக்கத்துல நிக்குது" என்று கணவனைக் காட்டினாள்.

"அவளுக்கு ஹீமோகுளோபினே கம்மிங்க" என்றான் ஸ்ரீநிவாஸ். "அதுவுமில்லாம முதுகெலும்புல ஊசி குத்துவாங்களாமே?"

"குத்த மாட்டாங்க. அஞ்சு நாள் ஒரு ஊசி போட்டுக்கணும். பெரும்பாலும் ரெண்டு கையிலயும் ஊசி குத்தி, ரத்தத்தை மெஷின் வழியா விட்டு வேணுங்கறதை மட்டும் பிரிச்சு எடுப்பாங்க. சில பேருக்கு மயக்கம் குடுத்து இடுப்பெலும்புல இருந்து எடுப்பாங்க. ஹீமோகுளோபின் எல்லாம் அவங்களே பார்த்துட்டுத்தான் எடுப்பாங்க."

"வலிக்குமா?"

"வலிக்கும். அந்த அஞ்சு நாளும் எலும்பெல்லாம் குடையும்."

மேசைக்கடியில் ஹம்சா அவன் காலை மிதித்தாள்.

"அன்னிக்கு பாப்பாவை டேகேர்ல இருந்து யார் கூட்டிட்டு வர்றது?" என்றான் ஸ்ரீநிவாஸ்.

"நீதான். அட்ரஸ் தெரியும்ல?" என்றாள் நாகலக்ஷ்மி.

வரிசையில் சிரிப்பு. கால்மணி நேரம் இருவரும் சண்டை போட்டார்கள். முடிவில் நாகலக்ஷ்மி கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள். ஸ்ரீநிவாஸ் தன் முறையை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். செழியன் இரண்டையும் எழுதிக்கொண்டான்.

ஒரு மணிவாக்கில் ஒல்லியாக ஒரு இளைஞன் வந்து எதிரில் உட்கார்ந்தான். டோக்கனை மேசையில் வைத்தான். நூற்று நாற்பத்தொன்று.

"உங்களுக்கு அந்த மேசை."

"தெரியுமுங்ண்ணா. நான் சபரி. பிப்ரவரில எனக்கு ஃபோன் பண்ணீங்க. நமக்கு ஊரு கோபிதானுங்க. நான் சரியாப் பேசாம வெச்சுட்டேன்."

செழியனுக்கு நினைவிருந்தது. 'ஒருக்கா கூப்பிட்டாங்க, போகலீங்க' என்று சொல்லிவிட்டுத் துண்டித்தவன்.

சபரி டோக்கனை நகத்தால் கீறினான். "போன ஆகஸ்ட்ல எனக்குக் கால் வந்துச்சுங்ண்ணா. பேரு சொல்ல மாட்டாங்களாம். பொம்பளை, முப்பத்தொரு வயசு, லுகேமியா. அவ்வளவுதான் சொன்னாங்க. வர்றேன்னுட்டேன். அப்பறம் அம்மா கேட்டுட்டு அழுதுச்சு. நானும் நெனச்சேன், நாம குடுத்தது தாமரையக்காவுக்கு, இது யாரோன்னு. ரெண்டு மூணு வாரம் இழுத்தடிச்சு, முடியாதுன்னுட்டேன்." நிமிர்ந்தான். "அக்காவுக்கு அப்ப என்ன வயசுங்ண்ணா?"

ஹம்சாவின் கை உறை மேல் நின்றது.

"முப்பத்தொண்ணு" என்றான் செழியன்.

"அப்ப அது..."

"தெரியாது."

"இல்லீங்ண்ணா, ஆகஸ்ட்டு, அதே வயசு..."

"இந்த நாட்டுல அந்த மாசம் அதே வயசுல அதே நோயோட எத்தனையோ பேர் இருந்திருப்பாங்க. அவளா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ரிஜிஸ்ட்ரி சொல்லாது. நானும் கேக்க மாட்டேன்."

பதினெட்டு நாள் என்ற கணக்கு நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கினான். அது எதையும் நிரூபிக்காது. இவனை உடைக்க மட்டும்தான் உதவும். உடைந்தவனால் அடுத்த நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை.

"ரெண்டு வார்த்தை திட்டிடுங்ண்ணா. தூக்கமே வர்றதில்லை."

"திட்டினா யாருக்கு ஆகும்? திரும்பச் சேரணுமா, வேண்டாமா?"

"சேரணுமுங்க."

"அம்மாவுக்கு ஃபோன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

கோபியில் இரவு பதினொன்றரை. நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"என்ன சாமி, இந்நேரத்துல? ஒடம்புக்கு என்ன?" என்றது அம்மா பவளத்தின் குரல்.

"ஒண்ணுமில்லீம்மா. அன்னிக்கு வேண்டாம்னு விட்டமே, அதுல மறுக்காப் பேரு குடுக்கறேன்."

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? ஒத்தப் புள்ளைய அத்தாந்தொலைவு அனுப்பிட்டு நான் உசுரக் கையில புடிச்சுட்டுக் கெடக்கறேன். ரத்தத்தப் பூராம் உறிஞ்சிப்போட்டாங்கன்னா எவன்டா உனக்குப் பொண்ணு குடுப்பான்? ஆருக்குடா குடுக்கப் போற?"

"தெரியாதும்மா."

"தெரியாதவங்களுக்கா?"

"ஆமா. தெரியாதவங்களுக்குத்தான்."

"பக்கத்துல ஆரு? ஆரு உன்னைய இப்பிடிப் பேச வெக்கறது? போனக் குடு அவங்ககிட்ட."

செழியன் ஃபோனுக்குக் குனிந்தான். "சொல்லுங்கம்மா."

"ஏனுங்க, உங்க ஊட்டுல ஆராச்சும் இப்பிடிக் குடுத்திருக்காங்களா?"

"என் சம்சாரத்துக்கு என் மச்சான் குடுத்தாருங்க."

"அந்தப் புள்ள இப்ப எப்பிடி இருக்குதுங்க?"

"செத்துட்டாங்க."

பவளம், "அதுக்காக நான் செரின்னு சொல்ல மாட்டேனுங்க" என்றாள்.

"நீங்க செரின்னு சொல்ல வேண்டாங்க. வேண்டாம்னே சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க. அவரு இன்னிக்கே கேட்டுக்கட்டும். படுக்கைல ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கற அன்னிக்கு முதல் தடவையாக் கேட்டா, தாங்க மாட்டாரு."

அவள் சொன்னாள். ஆறு நிமிடம் சொன்னாள். அழுதாள், சபித்தாள், செத்துப்போன கணவனைக் கூப்பிட்டாள். சபரி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான். முடிந்ததும், "அம்மா, கூப்பிட்டா போவேன்" என்றான். பதில் வருவதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவன் திரும்பப் போடவில்லை. கையை நீட்டினான். ஹம்சா குச்சியைக் கொடுத்தாள்.

"இவரைப் போட்டில சேர்க்காதீங்க" என்று செழியன் அவளிடம் சொன்னான். "ஒற்றைப்படை. தானா வந்தவரு. ரிஜிஸ்ட்ரில மட்டும் சேருங்க."

சபரி எழுந்து போன கையோடு ஜம்புநாதன் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தார். "அங்க நூத்தித் தொண்ணூறு தாண்டியாச்சு தம்பி. இங்க?"

"முப்பத்தொண்ணு."

"மூணு மணிக்கு கேமரா வருது. இந்த நம்பரைச் சொன்னா அசிங்கம். விட்டுடுங்க, மிச்சம் வர்றவங்களை அந்த மேசைக்கே அனுப்பிடலாம்."

"அனுப்ப மாட்டேன். கேமராகிட்ட ரெண்டு நம்பரையும் சொல்லுங்க. அக்டோபர்ல ரெண்டு மேசைக்கும் ஃபோன் பண்ணுவேன், ஒருத்தர் விடாம. ஹம்சா பக்கத்துல இருப்பாங்க. நான் சொன்னது தப்புன்னா தீபாவளி மேடைல ஏறி மைக்குல சொல்றேன், உங்க வழிதான் சரின்னு. நீங்க தோத்தா நீங்க ஏறணும்."

"என்னய்யா, சவால் விடறீங்க? நான் உங்க நல்லதுக்குத்தானே இத்தனையும் பண்றேன்?"

"தெரியும் அங்கிள். நல்லதுக்குத்தான். போன வருஷமும் நல்லதுக்குத்தான் பண்ணினோம்."

ஜம்புநாதன் பேட்ஜைச் சரிசெய்துகொண்டு தன் மேசையைத் திரும்பிப் பார்த்தார். செழியன் அவரைத் தாண்டி வரிசையைப் பார்த்து, நூற்று நாற்பத்திரண்டு என்று கூப்பிட்டான்.