காலில் மிச்சமிருந்த கயிறு

பழைய வேட்டியைக் கிழித்து அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள் ரஞ்சனி. வீட்டில் வேறு பிள்ளை இல்லை. முடிச்சு நழுவியது, மறுபடி இறுக்கினாள். நேற்று தேயிலைக்கு மருந்தடிக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை.

“குழிமேட்டுல மறக்காம அவுத்துவிட்டுருங்க,” என்றாள் அம்மா காத்தாயி, பாடை கட்டுகிறவர்களிடம். “கட்டோட போனா அந்த மனுசனால நடக்க முடியாது.”

கட்டு என்றதும் ரஞ்சனிக்குத் தன் ஆராய்ச்சி ஞாபகம் வந்தது. இந்த நேரத்திலா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தில் அதோடுதான் அவளுக்குக் குடித்தனம். சங்கிலியில் கிடந்து சுவரில் விழும் நிழலையே உலகம் என்று நம்பும் சனங்கள், தப்பித்து வெயிலைப் பார்த்துவிடும் ஒருவன் என்று கிரேக்கர்கள் ஒரு குகைக் கதை சொன்னார்கள். அது அரபு ஞானிகளிடம் வந்தபோது குகை கூண்டானது, மனிதர்கள் பறவைகளானார்கள் என்பது அவள் கட்சி. கூண்டை விட்டுப் பறந்தும் அந்தப் பறவைகளின் காலில் கயிறு மிச்சமிருக்கும். மலை மலையாகக் கடந்து அரசனிடம் முறையிட்டால், கட்டியவனால்தான் அவிழ்க்க முடியும் என்று அவன் சொல்லிவிடுவான்.

“உன் குகைக்காரன் வெளிய வந்துட்டானா புள்ள?” என்று போனில் ஒவ்வொரு தடவையும் அப்பா கேட்பார். அவருக்கு அதில் ஒரு இழவும் புரியாது. ஆனாலும் கேட்பார்.

சூப்பர்வைசர் ஜெகதீசன் மாலையைப் போட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி அம்மாவிடம் வந்தார்.

“ஏனுங்கக்கா, இப்பப் பேசக்கூடாதுதானுங்க. அண்ணன் வேலைக்கு ஊட்டுல யாராச்சும் பேரு குடுக்கோணுமுங்க. இல்லீன்னா லைனைக் காலி பண்ணச் சொல்லிப்போடுவாங்க.”

அம்மா முழங்கால் தேய்ந்து எப்போதோ வேலையை விட்டவள். எஸ்டேட் கொடுத்த இந்த லைன் வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. ரஞ்சனி அவள் முகத்தையே பார்த்தாள். எம்மக படிக்கிறா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்று காத்திருந்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகரத்தில் மழை பெய்தது.

“நான் வரேன் சார்,” என்றாள் ரஞ்சனி.

சொன்னதும் அழுகை பீறிட்டது. அது அப்பாவுக்காக இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. அதற்கும் சேர்த்து அழுதாள்.

ஆண்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார்கள். வீட்டைக் கழுவிவிட்டு அம்மா கட்டிலடியிலிருந்து அப்பாவின் ரப்பர் பூட்ஸை இழுத்தாள். சேற்றைத் துடைத்தாள். விரல் பக்கம் கந்தலைத் திணித்து, கையை விட்டு அளவு பார்த்து, இன்னும் கொஞ்சம் திணித்தாள்.

“போட்டுப் பாரு.”

ரஞ்சனி காலை விட்டாள்.

“கடிக்குதா?”

“இல்லம்மா. சரியா இருக்கு.”