அழக்கூடாத சாவு

“ஏண்டி நஞ்சா, செத்த மனுசன் உனக்கு என்னா மொறை வேணும்?” என்று குள்ளம்மாள் ஒரு முறை கேட்டாள். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊரில் ஒரு சாவு. அழுது முடித்து, பெண்களெல்லாம் கிணற்றடியில் தலை முழுகிக்கொண்டிருந்தார்கள்.

நஞ்சம்மாள் ஈரக் கூந்தலைப் பிழிந்தபடி, “மொறை இருந்தாத்தான் அழுவணுமா?” என்றாள்.

“அதுக்கில்லடி. பெத்த மவளுக்கே தொண்டை கட்டல. உனக்குக் கட்டிப் போச்சே, அதான் கேட்டேன்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். நஞ்சம்மாளும் சிரித்து வைத்தாள். செத்தவர் யாரென்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. அழ ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அறுபத்து மூன்றாம் வருஷம் மாசியில் ஊருக்குள் அம்மை வந்தது. அவள் மகன் சென்றாயனுக்கு அப்போது ஐந்து வயது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தவன் ஒரு மத்தியானம் தண்ணீர் கேட்டான். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அடங்கிவிட்டான். நஞ்சம்மாள் அலறப் போனாள். புருஷன் கருப்பண்ணன் அவள் வாயைப் பொத்தினான்.

“அழாத. ஆத்தா வந்து கூட்டிட்டுப் போயிருக்கறா. அழுதா கோவிச்சுக்குவா. சின்னவ ஒருத்தி இருக்கறா, நெனப்பு வச்சுக்க.”

சின்னவள் மாதம்மா. அப்போது தவழ்கிற குழந்தை.

அம்மையில் போன பிள்ளைக்கு யாரும் அழக் கூடாது. மேளம் இல்லை, ஒப்பாரி இல்லை, துக்கம் கேட்க ஒருவரும் வருவதில்லை. கருப்பண்ணனே மகனை வேப்பிலையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனான். தனியாகத் திரும்பி வந்தான். மறுநாள் ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றினார்கள். கேழ்வரகு மாவைக் கரைத்தது நஞ்சம்மாள்தான். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இடுப்பில் மாதம்மா இருந்தாள்.

ஆறேழு மாதம் கழித்துத் தூரத்து உறவில் ஒரு சாவுக்குப் போனாள். வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி இவள் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டாள். உடைத்துக்கொண்டு வந்தது. சாவு வீட்டில் யாருக்காக அழுகிறாய் என்று யார் கேட்கப் போகிறார்கள்? அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள். அதன் பிறகு எந்தத் திக்கில் சாவு மேளம் கேட்டாலும், வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

“காக்காய்க்கு முன்னாடி உனக்குச் சேதி வந்துருதே” என்று கருப்பண்ணன் கேலி பேசுவான். அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. புளி வியாபாரி அர்ச்சுனன் செத்துப்போனார். எண்பது வயதுக் கிழவர். தாடையைத் துணியால் கட்டி, பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் மகள் தங்கம்மாளைச் சுற்றிப் பெண்கள் அழுதார்கள். ஒருத்தி விட்ட இடத்தில் நஞ்சம்மாள் எடுத்தாள்.

“பால்பல்லும் விழலியே, என் சாமி,
பலகையும் நீ தொடலியே...”

“கெழவனுக்கு இருந்த பல்லெல்லாம் எப்பவோ கொட்டிப் போச்சுடி” என்று குள்ளம்மாள் முணுமுணுத்தாள். வட்டம் முழுக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கியது. நஞ்சம்மாள் காதில் எதுவும் விழவில்லை.

“ஒரு வாய் தண்ணி கேட்டியே, சென்றாயா, குடுக்கறதுக்குள்ள போயிட்டியே!”

சிரிப்பு நின்றது. குள்ளம்மாள் அவள் தோளிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தாள். “ஐயையோ! ஆத்தா எடுத்துக்கிட்ட புள்ளைக்கு அழுவறாடி இவ!”

பிள்ளைக்காரிகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். நஞ்சம்மாள் விழித்துப் பார்த்தபோது அவள் பக்கத்தில் யாரும் இல்லை. எதிரே தங்கம்மாள் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நஞ்சம்மாள் போவதற்கு முன்பே சேதி வீட்டுக்குப் போய்விட்டது. கருப்பண்ணன் கை ஓங்கவில்லை. மாதம்மாவின் சட்டையைக் கழற்றி வெயிலில் நிறுத்தி, முதுகு, அக்குள், காதுமடல் என்று ஒவ்வோர் இடமாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னா காரியம் பண்ணிட்ட, நஞ்சா” என்றான்.

அன்றிலிருந்து விடிந்ததும் அதே வேலை. ஒரு நாள் குழந்தையின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு சிவப்புத் தடிப்பு. அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாள் தடிப்பு அமுங்கிவிட்டது, கொசுக்கடிதான். ஆனாலும் பயம் அமுங்கவில்லை. ஒரு பிள்ளைக்காக அழுது இன்னொரு பிள்ளையைக் கொன்றுவிடுவோமோ என்று நஞ்சம்மாளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சாவு மேளம் கேட்டால், அது காதில் விழாதபடி கல்லைச் சரசரவென்று சுற்றி மாவு அரைத்தாள்.

அர்ச்சுனனுக்குக் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் தங்கம்மாள் வந்தாள். வாசலில் கருப்பண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

“அக்கா இருக்குதுங்களா, அண்ணா?”

“இருக்கறா. எதுக்கும்மா?”

“துக்கம் கேக்க வந்தேன்.”

“யாருக்கு? இங்க யாரும் சாவலியே.”

“சென்றாயனுக்குங்க.”

கருப்பண்ணன் வாளியைக் கீழே வைத்தான். “இது ஆத்தா வந்த வூடும்மா. சின்னது ஒண்ணு இருக்குது. போயிரு, உனக்குப் புண்ணியமாப் போவும்.”

“கோவம் வந்தா என் மேல வரட்டுங்க. எனக்குத்தான் புள்ளையே இல்லியே. ஆத்தா என்கிட்ட என்னாத்தைங்க எடுப்பா?”

தங்கம்மாள் உள்ளே போய், அரைகல்லின் முன் உட்கார்ந்திருந்த நஞ்சம்மாளின் தோளில் கை போட்டாள். நஞ்சம்மாள் பதறி விலகினாள். தங்கம்மாள் விடவில்லை.

“தண்ணி கேட்டானாக்கா?”

“கேட்டான்.”

“அப்பறம்?”

“வெந்நியா இருந்துச்சு. ஆத்திக்கிட்டு இருந்தேன். ஆறட்டும்னு... சுடுமேன்னு...”

நஞ்சம்மாள் தன் வீட்டில், தன் மகன் பேரைச் சொல்லி, வாய்விட்டு அழுதாள். தங்கம்மாளும் அழுதாள். வாசலில் கருப்பண்ணன் மாதம்மாவைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். கையை எடுத்தான். மறுபடியும் தொட்டுப் பார்த்தான். ஆனால் உள்ளே போய்த் தடுக்கவில்லை.

வெயில் தாழ்ந்தது. தங்கம்மாள் எழுந்து கூந்தலை முடிந்துகொண்டாள். சாவு வீட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவளும் சொல்லவில்லை. கருப்பண்ணனைத் தாண்டி, வண்டித் தடத்தில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.