உபதேசியாரின் மௌன விரதம்

கவரைப்பேட்டைச் சின்னக் கோயிலில், சாமியார் வராத நாட்களில் ஜெபம் நடத்தவும் நோயாளிகளைப் பார்த்து வரவும் அமர்த்தப்பட்டவர் உபதேசியார் சின்னப்பன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் வருஷம் அவருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. ஜனங்களோடு பேசப் பேசக் கடவுள் தூரம் போகிறாராம். கோயிலை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு மௌனத் தியானத்தில் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பக்கவாட்டு ஜன்னல் திறக்கும். வயிறு விரதத்தில் சேரவில்லை போலும்.

ஜன்னலில் தட்டை நீட்டுபவள் கோயில் சமையல்காரி ரோசம்மாள். ஊரில் பிரசவமோ காய்ச்சலோ, முதலில் போய் நிற்பாள். போய் நின்றதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புவாள். முழங்காலில் நிற்பவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். சோம்பேறிகள் கண்டுபிடித்த வேலைதான் ஜெபம் என்பாள்.

அந்தக் கார்த்திகையில் புயல் அடித்தது. மறுநாள் காலை, பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்து ஜனங்களை ஒரு லாரி கோயில் வாசலில் இறக்கிவிட்டுப் போனது. மழை விடவில்லை. ரோசம்மாள் கதவைத் தட்டினாள்.

"உபதேசியாரே! ஜனங்க நனைஞ்சிகினு நிக்குது. தொறங்க!"

உள்ளே தொண்டையைக் கனைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. விரதமும் கெடாமல், கதவும் திறக்காமல் இருக்க அதைவிட நல்ல வழி ஏது?

"கனைக்கத் தெரியுது, தாப்பா எடுக்கத் தெரியலியா?"

விறகு பிளக்கும் கோடாலியோடு வந்தாள். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. பீடத்தடியில் ஜமக்காளத்தின்மேல் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த சின்னப்பன், கொள்ளைக்காரியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்.

ஜனங்களை உள்ளே உட்காரவைத்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள் ரோசம்மாள். ஒவ்வொரு கரண்டியோடும் ஒரு வசவு. கங்கம்மாள் என்பவள் மட்டும் தட்டைத் தொடவில்லை. மீன் பிடிக்க ஏரிக்குப் போன அவள் புருஷன் திரும்பியிருக்கவில்லை.

"இன்னாம்மா, உங்களுக்காக அடுப்புல நான் வெந்துகினு இருக்கேன். நீ வேடிக்கை பாத்துகினு கீறியே, துன்னும்மா!"

கங்கம்மாள் நிமிர்ந்தாள். "வந்ததுலேர்ந்து கத்திகினே கீறியே. எம்புருசன் பேரு இன்னான்னு ஒருவாட்டி கேட்டியா நீ?"

 ரோசம்மாளுக்கு ஊற்றத் தெரியும், பக்கத்தில் உட்காரத் தெரியாது. எரிச்சலோடு சின்னப்பனிடம் திரும்பினாள்.

"வாய மூடிகினு உக்கார்றது ஒண்ணுதானே உங்களுக்குத் தெரியும்? அத இங்க வந்து பண்ணுங்க."

காதைப் பிடித்து இழுத்துவந்ததுபோல் வந்து உட்கார்ந்தார். கங்கம்மாள் தன் புருஷன் முனிகிருஷ்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று சொல்ல அவர் வாய் திறந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. அவர் மௌனத்தால் ஒரு மனுஷருக்குப் பிரயோஜனம் ஏற்பட்டது அதுதான் முதல் தடவை. அழுது தீர்ந்தபின் அவள் பாதிக் கஞ்சி குடித்தாள். கரண்டியோடு நின்றிருந்த ரோசம்மாள் அதைப் பார்த்துவிட்டு, மெதுவாக அவளருகே தரையில் உட்கார்ந்தாள்.

வெள்ளம் வடிந்தபோது முனிகிருஷ்ணனின் உடல் கரை ஒதுங்கியது. உபதேசியாரும் சமையல்காரியும் குப்பத்துக்குப் போனார்கள். ரோசம்மாள் கங்கம்மாளின் கையைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். சின்னப்பன் குழி வெட்ட இறங்கினார். நாலு வெட்டிலேயே மூச்சு இரைத்தது. கங்கம்மாளின் தம்பி மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். சின்னப்பன் கொஞ்ச நேரம் ஓரமாக நின்று மூச்சு வாங்கினார்; பிறகு கையை நீட்டி மண்வெட்டியைத் திரும்பக் கேட்டார்.