பத்து நிமிடக் கதவு

ஐலா கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். ஆறு மாதம் நின்ற பெட்ரோல் வற்றி, அடியில் தேன் நிறப் பசையாகப் படிந்திருந்தது. பழைய வார்னிஷ் நாற்றம் அடித்தது. இன்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை முடியளவுதான் இருக்கும். அதைக் கண்ணருகே வைத்து ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் தெரியவில்லை.

வண்டிக்குச் சொந்தக்காரி ஹெல்லவி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். பின்லாந்தின் வடக்கே கெமி ஊரில் மற்றவர்களெல்லாம் மே முதல் தேதியை ஒட்டித்தான் பைக்கை வெளியே எடுப்பார்கள். கார் பழுதாகிவிட்டதால் இவள் ஏப்ரல் இருபதிலேயே, ஆற்றில் பனிக்கட்டி உடையும் முன்பே வந்துவிட்டாள். அரை மணி நேரம் முயன்றும் இன்ஜின் பிடிக்கவில்லை.

குளிர்காலத்தில் பைக்குகளை வைத்துப் பாதுகாக்கும் அந்தக் கிடங்கின் முதலாளி தௌனோ, அவள் வண்டியின் பதினேழாம் எண் அட்டையை எடுத்து வந்து நீட்டினான். டாங்க் நிரப்பப்பட்டது. மருந்து ஊற்றப்பட்டது. இன்ஜின் பத்து நிமிடம் ஓட்டப்பட்டது. மூன்று கட்டங்களிலும் சரிக்குறி இருந்தது. கீழே ஐலாவின் கையெழுத்து.

"பாருங்க, எங்க பக்கம் எல்லாம் செஞ்சிருக்கு. நீங்க ஏற்கெனவே போட்டிருந்த பெட்ரோல்தான் மட்டமா இருந்திருக்கும்."

ஐலா கிண்ணத்தைத் துணியில் வைத்தாள். பெட்ரோல் கெடாமலிருக்க மருந்தை டாங்கில் ஊற்றினால் மட்டும் போதாது. இன்ஜினை ஓட்டினால்தான் அது கார்புரேட்டர் வரை இறங்கும். ஓட்டுவதென்றால் புகை வெளியேறப் பெரிய கதவைத் திறந்து வைக்க வேண்டும். கதவைத் திறந்தால் கூடத்தின் சூடு போய்விடும். அக்டோபரில் இதை அவள் சொல்லத்தான் செய்தாள். நாற்பத்திரண்டு வண்டிக்கும் கதவைத் திறந்து வைத்தால் கடலையே சூடாக்கிவிடலாம் என்று தௌனோ சிரித்தான். ஊற்றிவிட்டு அடுத்த வண்டிக்குப் போகச் சொன்னான். மே மாதத்தில் அவள் வேலையை நிரந்தரமாக்குவதாகவும் அப்போதுதான் சொன்னான். காகித ஆலை மூடியபின் இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தவள் அவள்.

மூன்றாவது கட்டத்தில் குறி போடும்போது கை தயங்கியது. முதல் ஐந்து அட்டை வரைதான். ஆறாவதில் தயங்கவில்லை. அந்த ஆறாவது அட்டை குளிர்காலம் முழுவதும் அவளுக்குள் கிடந்தது. முதல் ஐந்தையும் மன்னித்துக்கொள்ள முடிந்தது, அதை மட்டும் முடியவில்லை.

"ஓட்டல," என்றாள். "மருந்து ஊத்தினேன். இன்ஜினை ஓட்டல. ஓட்டினதா எழுதினது நான்தான்."

தௌனோ அட்டையைத் திருப்பி வெறும் பக்கத்தைப் பார்த்தான். ஹெல்லவிதான் முதலில் பேசினாள்.

"என்கிட்ட ஒரு கிழவர் இருக்காரு. மாத்திரையை வாயில போட்டுக்குவாரு, முழுங்க மாட்டாரு. கேட்டா, போட்டாச்சேம்பாரு." அவள் ஹெல்மெட்டை வண்டியின் மேல் வைத்தாள். "நாளைக்குச் சாயங்காலம் வரேன். வண்டி கிளம்பணும்."

அவள் போனதும் தௌனோ குரலை உயர்த்தாமல் பேசினான். "தப்பு உன் கையெழுத்துல இருக்கு. நீயே சரிபண்ணு. வேலை நேரத்துல இல்ல, உன் நேரத்துல."

நாற்பத்திரண்டில் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகள் இருபத்தாறு; மற்றவற்றில் அடைத்துக்கொள்ள அந்தக் கிண்ணமே இல்லை. பத்து நாள் இருந்தது. தினமும் நான்கு மணிக்கு வேலை முடிந்ததும் ஐலா கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி தொடங்கினாள். ஏப்ரல் வந்துவிட்டதென்று தௌனோ கூடத்தின் வெப்பத்தை அணைத்துவிட்டான். பெட்ரோல் குழாயை மூடுவாள். கிண்ணத்தை வடிப்பாள். ஜெட்டைக் கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடிப்பாள். கம்பியால் குத்தினால் சீக்கிரம் முடியும், ஆனால் துளை அகன்றுவிடும். அவள் குத்தவில்லை. துளைக்குள் ஜன்னல் தெரியும்வரை மறுபடி ஊறவைத்தாள். பிறகு புது பெட்ரோல் ஊற்றி, பெரிய கதவைத் திறந்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் ஓட்டினாள். கடற்காற்று உள்ளே வந்து கழுத்தைப் பிடித்தது. விரல்கள் மரத்துப்போய்த் திருகு இரண்டுமுறை நழுவியது. ஒவ்வொரு அட்டையிலும் பழைய குறியை அடித்துவிட்டு, தேதியைப் போட்டு, 'இன்றுதான் ஓட்டப்பட்டது' என்று எழுதினாள். எழுதியதால் எதுவும் இலேசாகிவிடவில்லை. அடுத்த வண்டியின் கிண்ணத்தைக் கழற்ற முடிந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் முப்பதாம் தேதி எல்லோரும் வந்தார்கள். ஹெல்லவி முன்பே ஓட்டிப்போனது போக, மீதி நாற்பத்தொரு வண்டிகளும் முதல் அழுத்தத்திலேயே பிடித்தன. ஆட்கள் தௌனோவின் கையைக் குலுக்கினார்கள், அடுத்த குளிர்காலத்துக்கும் இடம் சொல்லிவைத்தார்கள்.

கடைசி வண்டி போனபின் அவன் அவளை மேசைக்குக் கூப்பிட்டான். நிரந்தர வேலைக்கான ஒப்பந்தம் அங்கே இருந்தது. அவள் பெயர் சரியாக அச்சாகியிருந்தது. பக்கத்தில் புதிய அட்டைகளின் கட்டு. ஐலா ஒன்றை எடுத்தாள். மூன்று கட்டங்களிலும் சரிக்குறி அச்சிலேயே விழுந்திருந்தது. கையெழுத்துக்கான கோடு மட்டும் காலி.

"இதுலயும் இப்பவே போட்டு வச்சிரு. அக்டோபர்ல நேரம் இருக்காது."

"கதவு?"

"அதை அப்போ பேசிக்கலாம்."

அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். இரண்டு வருடம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எண் அழைக்கக் காத்திருந்த நாற்காலி நினைவுக்கு வந்தது, அதன் பச்சை உறை, கிழிந்த ஓரம். பேனாவை மூடி அட்டைகளின் மேல் வைத்தாள். கூடத்தின் சாவியைக் கழற்றி, வண்டிச் சாவிகள் எல்லாம் போய்க் காலியாகிவிட்ட பலகையில் பதினேழாம் கொக்கியில் மாட்டினாள்.

"யோசிச்சுக்கோ. கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமலா போயிடும்?"

ஐலா பெரிய கதவைத் தாண்டி வெயிலுக்குள் போனாள். பின்னாலேயே வந்து தௌனோ கதவை இறக்கும் பொத்தானை அழுத்தினான். அவள் திரும்பிப் பார்த்தபோது கதவு பாதி இறங்கியிருந்தது. காற்றில் மேசையிலிருந்து சரிந்த அட்டைகள் தரையில் கிடந்தன. அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஓரங்களைத் தட்டிச் சீராக்கி, பேனாவை மறுபடி அவற்றின் மேல் வைத்துக்கொண்டிருந்தான்.