எட்டாவது வால்வு

புத்தாண்டு அன்று காலையில் காஸ் நின்றுபோனது. முந்தின நாள் குடித்துக் கூத்தடித்துவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்து டீ போட அடுப்பைத் திருகினால், புஸ்ஸென்று ஒரு சத்தம், நீலமாய்த் துளி நெருப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் வாசலிலேயே நின்று, “உங்க வீட்லயுமா?” என்று கேட்டுக்கொண்டார்கள்.

காரணம் சொல்ல ஆளுக்கொரு வாய் இருந்தது. குழாய் வரும் வழியில் இருக்கும் நாடு மூன்று வருஷமாகப் போரில் வெந்துகொண்டிருக்கிறது. என்மேல் குண்டு போடுகிறவனின் காஸை என் மண் வழியாக இனி விட மாட்டேன் என்றது அது. அதைத் தப்பென்று எந்த வாயால் சொல்வது? தெற்கே சுற்றிவர இன்னொரு குழாய் இருந்தது. பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் அதில் விடுவேன் என்றான் குண்டு போடுகிற அந்த நாட்டுக் காஸ்காரன். அந்தப் பாக்கி எங்களுடையதே இல்லை என்று கை விரித்தது ஆற்றுக்கு அக்கரையில் இருந்துகொண்டு சட்டப்படி எங்களையும் ஆளும் சர்க்கார். சரி, தொலையட்டும், வேறு இடத்தில் வாங்கித் தருகிறோம் என்று அது நீட்டிய கையையும் தனி நாடு என்று சொல்லிக்கொள்ளும் இக்கரைப் பெரிய மனிதர்கள் தட்டிவிட்டார்கள். அவன் இவனைக் காட்ட, இவன் அவனைக் காட்ட, நடுவில் நீஸ்தர் ஆற்றின் இடது கரையில் எங்கள் சின்ன ஊர் விறைத்துக் கிடந்தது. பெரிய மனிதர்கள் வீட்டில் ஜெனரேட்டர் ஓடியது, அது வேறு விஷயம்.

பதினாலாம் நம்பர் கட்டிடத்தின் குழாய்க்காரன் ஹர்லாம்பி. வயது அறுபத்தொன்று. ஐந்து மாடி, நாற்பது வீடு. ஊர் வெப்ப நிலையத்தில் காஸால் காய்ச்சிய வெந்நீரை ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டருக்கும் ஏற்றி அறையைச் சூடாக்கும் குழாயெல்லாம் அவன் கையில். இரண்டாவது மாடியில் அவன் மனைவி நோனா படுக்கையில் கிடந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலை ரேடியேட்டரை ஒட்டிப் போட்டிருந்தான். “குளிர் மட்டும் படக் கூடாது. நெஞ்சில் சளி கட்டினால் இந்த உடம்பு தாங்காது” என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது அந்த ரேடியேட்டர் சவம் போல் சில்லிட்டிருந்தது. கரண்டும் நாலு மணி நேரம் இருந்தால் நாலு மணி நேரம் இல்லை. இருக்கும்போது ஒரு சின்ன ஹீட்டர். இல்லாதபோது, கரண்டு போகுமுன் காய்ச்சிய வெந்நீரைப் பாட்டிலில் அடைத்து அவள் காலடியில் வைப்பான்.

பத்தாம் தேதி கட்டிடத் தலைவி ரிம்மா மாடிப்படியில் கூட்டம் போட்டாள். எங்கள் பக்கத்தில் எதுவானாலும் இப்படித்தான்: படியில் வரிசையாக நின்று பேசி, கடைசியில் கை தூக்குவது. விஷயம் ஒன்றுதான். குழாய்களில் நிற்கும் தண்ணீரை இறக்கிவிடுவதா, வேண்டாமா? இறக்கினால் குழாய் பிழைக்கும். ஆனால் மறுபடி நிரப்ப வேண்டுமானால் வெப்ப நிலையத்தின் பம்பும் உத்தரவும் வேண்டும். வசந்தத்துக்கு முன்னால் அது நடக்காது. நாளைக்கே காஸ் வந்தாலும் இந்தக் கட்டிடத்துக்கு இல்லை. இறக்காமல் விட்டால், தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கலாம்.

“மத்தியானச் செய்தியில சொன்னாங்களே, காஸ் அனுப்புற நம்ம நண்பர்கள் நம்மைக் கைவிட மாட்டாங்கன்னு” என்றான் ஐந்தாவது மாடி டாக்சிக்காரன் மித்ரோஃபான். “தண்ணிய இறக்கிட்டு, எதிர்க் கட்டிடத்துக்காரன் பனியனோட உலாத்துறதை நாம ஜன்னல்ல பாத்துக்கிட்டு நிக்கணுமா?”

“நண்பர்களாம்! நண்பர்கள் போன வாரம் உன் டாக்சியில ஏறினாங்களாக்கும்” என்றாள் ரிம்மா. காய்கறியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவள், குரல் அப்படி. “ஏய் ஹர்லாம்பி, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க? தொழில் தெரிஞ்சவன் நீதானே. சொல்லு.”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவனுக்குத் தெரியும். இன்னும் மூன்று நாளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினாலு டிகிரிக்கு இறங்கும் என்று காலைச் செய்தியில்தான் பார்த்திருந்தான். இறக்கு, இப்போதே இறக்கு என்று நாற்பது வருஷத் தொழில் அவன் நெஞ்சில் உதைத்தது. ஆனால் இறக்கினால் நோனாவுக்கு இந்தக் குளிர்காலம் முழுக்க நிச்சயமாகச் சூடு கிடையாது. இறக்காவிட்டால் ஒருவேளை கிடைக்கலாம். அந்த ஒருவேளையை அவனால் விட முடியவில்லை.

“கொஞ்ச நாள் பாக்கலாம்க்கா” என்றான். “வீட்டுக்குள்ள ஆள் இருந்தா, மூச்சுக் காத்து, ஹீட்டர் சூடு, குழாய் உறையாது.”

அத்தனை கைகளும் மேலே போயின. நாற்பது வீட்டில் பதினாறு வீட்டுக்குள் ஆளே இல்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. பிழைக்கப் போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகள் அவை. ஒன்றின் சாவி இத்தாலியில், ஒன்றின் சாவி மாஸ்கோவில், ஒன்றின் சாவி எங்கே என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

சொன்னபடியே குளிர் இறங்கியது. நோனாவுக்கு இருமல் வந்தது. அக்கரையிலிருந்து அவள் அண்ணன் இலாரியோன் போன் செய்தான்.

“இங்க கொண்டாந்து விடுங்க மச்சான். எங்க வீட்லயும் ஒரே ஒரு ரூம்லதான் விறகு போடுறோம், ஆனா கதகதன்னு இருக்கு. முப்பது வருஷம் ஓசி காஸ்ல ஜன்னலைத் திறந்து வெச்சு ஜம்முனு இருந்தீங்க. பில்லு கட்டுற எங்களைப் பாத்து எப்படிச் சிரிச்சீங்க! இப்ப அந்த ஓசி காஸ் விட்ட உங்க சகோதர நாட்டைக் கூப்பிட்டுக் கேளுங்களேன்.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நோனா, “போனை வைங்க” என்றாள். “வாய்க்கு வாய் குத்திக் காட்டுவான். அவன் வீட்டுச் சூடு எனக்கு வேண்டாம். நம்ம ரேடியேட்டர் வரும். நீங்கதான் கூட்டத்துல சொன்னீங்களாமே?”

“ஆமா, வரும்” என்றான் ஹர்லாம்பி. வேறென்ன சொல்வான் பாவி!

அப்புறம் காஸ் வந்தே விட்டது. அதுதான் கொடுமை. பிப்ரவரி முதல் வாரத்தில், யாரோ யாருக்கோ கடன் கொடுத்து, வேறு வழியாக, வேறு பெயரில் வந்தது. ஒரு காலை பத்து மணிக்கு நிலவறையில் குழாய் லொடலொடவென்று அதிர்ந்தது. ஹர்லாம்பி எட்டு வால்வையும் ஒவ்வொன்றாகத் திறந்தான். எட்டு வரிசை வீடுகளுக்கு மேலேறும் எட்டுக் குழாய். கையை வைத்துப் பார்த்தான், சூடு ஏறிக்கொண்டிருந்தது. அறுபத்தொரு வயதுக்காரன் அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதான்.

கட்டிடம் முழுக்கக் கூச்சல். கம்பளியைக் கழற்றி வீசினார்கள். மித்ரோஃபான் ஹர்லாம்பியைக் கட்டிப் பிடித்து, “நீ மட்டும் அன்னிக்குச் சொல்லலைன்னா!” என்று இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தான். மேலே நோனா நல்ல கையை ரேடியேட்டர்மேல் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். “கொதிக்குதுங்க! கையே வைக்க முடியல.” ஹர்லாம்பி சோளக்களி கிண்டி, மேலே சீஸ் தூவி ஊட்டினான். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முழுத் தட்டும் சாப்பிட்டாள்.

ஒரு மணிக்கு முதல் அலறல் கேட்டது. பூட்டிய வீடுகளில் ரேடியேட்டர்கள் எப்போதோ உறைந்து பிளந்துவிட்டிருந்தன. பனிக்கட்டி அடைத்திருந்ததால் வெளியே தெரியவில்லை. சுடுதண்ணீர் வந்து அதை உருக்கியதும் பதினாறு வீட்டிலும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டது. கூரை வழியாக, சுவர் வழியாக, விளக்கு மாட்டிய துளை வழியாகக் கொட்டியது. மித்ரோஃபான் கடப்பாரையை வைத்துக்கொண்டு ஒரு இரும்புக் கதவோடு மல்லுக்கட்டினான், அசைக்கவே முடியவில்லை. உடைத்தாலும் பதினாறு ரேடியேட்டரை வெட்டி அடைக்க வெல்டிங்காரன் வேண்டும். அந்த வாரம் ஊரில் வெல்டிங்காரனைப் பிடிப்பது மந்திரியைப் பிடிப்பதைவிடக் கஷ்டம்.

ஹர்லாம்பி நிலவறைக்கு ஓடினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூடிக்கொண்டே போனான். எட்டாவது அவன் வீட்டு வரிசை. அதில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

ரிம்மா தொப்பலாக நனைந்து இறங்கி வந்தாள். அவள் வீடு நோனாவுக்கு நேர் மேலே. அவளுக்கு மேலே நாலாவது மாடியில் பூட்டிய வீடு.

“அதை மூடாதே” என்றாள். “நான் வாளி வெச்சுக்கிறேன். நோனாவுக்கு இருக்கட்டும்.”

அதைக் கேட்டதும் அவனுக்குத் தாங்கவில்லை. “அக்கா, நான் தெரிஞ்சேதான் சொன்னேன். பூட்டின வீடெல்லாம் வெடிக்கும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். இவளுக்காகச் சொன்னேன். உங்க எல்லார் குடியையும் கெடுத்துட்டேன்.”

“போடா பைத்தியக்காரா” என்றாள் ரிம்மா. “உனக்கு மட்டுமா தெரியும்? தினம் அந்தக் கதவுகளைத் தாண்டித்தானே நான் படி ஏறுறேன். அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேன். எனக்கும் சூடு வேணும்னு இருந்துச்சு, கையைத் தூக்கிட்டேன். எல்லாரும் அப்படித்தான் தூக்கினாங்க.”

மேலே எங்கோ பட்டென்று ஒரு வெடிச் சத்தம். கட்டிடம் இருண்டது. “ரிம்மாக்கா வீட்டு மீட்டர் பெட்டி புகையுது!” என்று மித்ரோஃபான் கத்தினான். ரிம்மா வாயைத் திறப்பதற்குள் ஹர்லாம்பி எட்டாவது வால்வைக் கடைசிச் சுற்றுவரை இறுக்கிவிட்டான்.

அவன் மேலே போனபோது நோனாவின் கை ரேடியேட்டர்மேல்தான் இருந்தது. என்ன சத்தம் என்று கேட்டாள். கரண்டு போயிருக்கு என்றான்.

“அது போகட்டும். இது இருக்கே, இது போதும். வியர்க்குதுங்க எனக்கு. இந்த ரெண்டாவது ரஜாயை எடுத்துடுங்க. ஒரு மாசமா நெஞ்சை அழுத்துது.”

ஹர்லாம்பி அவளைப் பார்த்தான். ரேடியேட்டரில் மிச்சமிருக்கும் சூடு இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம் என்று அவனுக்குத் தெரியும். ரஜாயை எடுத்தான். மடித்தான். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு, அவள் திரும்பக் கேட்கும் நேரத்துக்காக உட்கார்ந்திருந்தான்.