மறுகரையில் யாருமில்லை

கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற மனுஷன் என்று என் மனைவி பார்வதியம்மாள் என்னைச் சொல்வாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவனைப் பற்றி இப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் பொய்யில்லை. அரசாங்கங்கள் கூடிப் பேசுகிற கூட்டத்துக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டபோதும் பாதிக் கனவில்தான் போனேன்.

தொண்ணூற்றேழாம் வருஷம், ஆடி மாதம். ஏழு நாட்டு அரசுகள் வரியைக் குறைத்துத் தங்களுக்குள் சரக்குகளைத் தடையில்லாமல் அனுப்பிக்கொள்ளப் போவதாகப் பேச்சு. அதிகாரிகள் மட்டும் பேசினால் போதாது, மக்கள் சங்கங்களையும் கேட்க வேண்டும் என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். எங்கள் பக்கத்துக்குத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஓட்டல் மாடி. பேட்டை பீடிப் பெண்கள் சங்கத்துக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கி ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. சங்கத்துக்கு மனு எழுதிக்கொடுக்கிறவன் நான் என்பதால் அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள் தலைவி அலிமா பீவி.

"இதுல கப்பல் கேக்கலாமா சார்?" என்றாள். வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே கேட்டாள்.

கப்பல் என்றால் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஓடிய கப்பல். எண்பத்திரண்டில் அவள் தங்கை ஷம்ஸியா மன்னாரில் வாழ்க்கைப்பட்டு அதில்தான் ஏறிப் போனாள். இரண்டு வருஷத்தில் சண்டை பெரிதாகிக் கப்பல் நின்றது. தொண்ணூறில் முஸ்லிம்களெல்லாம் மன்னாரை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று புலிகள் சொன்னதால் உடுத்த துணியோடு கிளம்பி, புத்தளத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகையில் இருக்கிறாள். அங்கேயும் சும்மா இல்லை, பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் நடத்துகிறாள் என்று கடிதத்தில் வரும். விமானம் இருக்கிறதே என்பீர்கள். பீடி சுற்றுகிறவளுக்கு விமானமும் ஒன்றுதான், நிலாவும் ஒன்றுதான். அக்காவும் தங்கையும் முகம் பார்த்துப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது.

"கேக்கலாம்மா. நல்லா கேளுங்க" என்றேன்.

மறுநாள் மத்தியானம் அலிமா பீவி வீட்டில் ஒத்திகை. வெளியே சாரல் தூவிக்கொண்டிருந்தது. சுளகை மடியில் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள். இலையை நறுக்குகிற சத்தமும் புகையிலைத் தூளின் வாசமும் சேர்ந்து எனக்கு லேசாகத் தலையைச் சுற்றியது. அந்த மயக்கத்தில் அவள் பேசப் பேச எனக்குக் கப்பலே தெரிந்தது. வெள்ளைக் கப்பல், கடலை விட்டுத் தாமிரபரணியில் ஏறி, குறுக்குத்துறையில் குளிக்கிறவர்களை ஒதுங்கச் சொல்லிப் பைய ஊதிக்கொண்டு வருகிறது. மேல்தட்டில் சேலை காய்கிறது. நான் பார்த்தேயிராத ஷம்ஸியா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஊர் எவ்வளவு மாறிவிட்டது என்று பார்க்கிறாள்.

"சார், நான் சொல்லுதது கேக்குதா?"

"கேக்குதும்மா. தங்கச்சி கதைய எங்க சொல்லப்போறீங்க?"

பெண்களெல்லாம் சிரித்தார்கள். சபீதா என்ற பெண்தான் எனக்கு விளக்கினாள். சுற்றிய பீடியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது செக்கர் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்துக் கழிப்பார். கழித்த கட்டுக்காக அதைச் சுற்றியவளே வாய் திறந்தால் தொலைந்தது, கூட நாலு கட்டைத் தூக்கி எறிவார். ஆகையால் இவர்களுக்குள் ஒரு வழக்கம். யாரும் தன் கட்டுக்காகக் கேட்பதில்லை. அலிமா பீவியின் கட்டு கழிந்தால் சபீதா கேட்பாள், சபீதாவுக்கு மைதீன் பாத்திமா கேட்பாள்.

"எனக்குன்னு கேட்டா ஆகாது சார்" என்றாள் அலிமா பீவி. "ஷம்ஸியாவும் நானும் ஏழு வருசம் ஒரே கடையிலதான் கட்டுக் குடுத்தோம். எனக்கு அவதான் கேப்பா. அவளுக்கு நான்தான்."

எனக்கு அது என்னமோ பெரிய தத்துவம் மாதிரித் தெரிந்தது. "அருமையான பழக்கம்மா. அங்கனயும் அப்படியே செய்ங்க. சொந்தக் கதையே வேண்டாம், ஊருக்காகக் கேளுங்க. அதுக்குத்தான் மதிப்பு" என்று வாய் கொழுத்துப்போய்ச் சொன்னேன். யாரும் என்னை யோசனை கேட்கவில்லை.

ஓட்டல் மாடியில் எல்லா ஜன்னலுக்கும் பச்சைத் திரை போட்டிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்தால் ஆற்றுக்கு அடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கீழே பஸ்களின் சத்தம் ரொம்பத் தூரத்தில் கேட்டது. மேஜைக்கு அந்தப்பக்கம் டெல்லி அதிகாரிகள் இரண்டு பேர், கொழும்பிலிருந்து வந்த ஒருவர். உப்பு வியாபாரிகள் சங்கம் பேசியது, மீனவர் சங்கம் பேசியது. அதிகாரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தலையை ஆட்டினார்கள்.

அலிமா பீவி எழுந்தாள். முதலில் வார்த்தை வரவில்லை. கையில் இலை இல்லாமல் அவள் கூட்டத்தில் பேசியதே கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு விரல்கள் தாமாகவே அசைய ஆரம்பித்தன. இல்லாத இலையை எடுத்து, இல்லாத தூளை வைத்து, உருட்டி, மடித்து, நூல் சுற்றின. பேச்சும் வந்துவிட்டது.

"இலைக்கு வரியக் கொறைக்கப் போறதாச் சொல்லுதாக. கொறைங்க, கூலியக் கொறச்சிராதீக. அது ஒண்ணு. ரெண்டாவது கப்பல். இலை போவுது, மொளகா போவுது, சேலை போவுது. சரக்குக்கு ஆயிரம் வழி வச்சிருக்கீக. சரக்கச் செஞ்ச மனுசி போகதுக்கு ஒரு வழி இல்ல. இங்கன உள்ளவ அங்கன வாழ்க்கைப்பட்டுப் போயிருக்கா, அங்கன உள்ளவ இங்கன வந்திருக்கா. மையத்து விழுந்தா முகம் பாக்கப் போவ முடியல, கல்யாணத்துக்குப் போவ முடியல. முதல்ல மனுசர அனுப்புங்கய்யா, பொறவு சரக்கு அனுப்பலாம்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சொன்னேன். கூடத்தில் யாரும் தலையை ஆட்டவில்லை, நிமிர்ந்து பார்த்தார்கள். கொழும்புக்காரர் பேனாவை மூடிவிட்டு முன்னால் சாய்ந்தார். நரைத்த தலை, நல்ல முகம்.

"கப்பல் விஷயத்தை எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன்" என்றார் ஆங்கிலத்தில். "ஒன்று மட்டும் கேளுங்கள். இவருக்கு இலங்கையில் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா?"

நான் கேட்டேன். அவள் விரல்கள் நின்றுவிட்டன. மேஜையையும் அதற்குப் பின்னால் இருந்த மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மனசுக்குள் அவள் பீடிக்கடையில் செக்கர் முன்னால் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

"யாருமில்ல சார்" என்றாள். "நான் ஊருக்காகத்தான் கேக்கேன்."

உண்மை எனக்குத் தெரியும். மொழிபெயர்க்கிறவன் வாயில் நாலு வார்த்தை கூடுதலாக வந்தால் வானம் இடிந்து விழாது. இவருக்கு ஒரு தங்கை இருக்கிறாள், பயத்தில் சொல்கிறார் என்று சொல்லியிருக்கலாம். நான் "நோ ஒன், சார்" என்றேன். பெருமையாகவே சொன்னேன். அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அவர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார்.

பேட்டைக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவள் முன் இருக்கையில் இருந்தாள். டவுன் தாண்டியதும் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"உசிரோட இருக்கவள இல்லன்னுட்டேன் சார்."

"கப்பல் வந்தா எல்லாம் சரியாப்போகும்மா" என்றேன். அதை நான் நம்பினேன்.

அதற்குப் பிறகு அவள் தங்கைக்குக் கடிதம் எழுதவில்லை. பேனாவை எடுத்தால் கை வரவில்லை என்றாள். விசித்திரம், அந்தப் பக்கத்திலிருந்தும் கடிதம் நின்றுபோனது. மாதம் தவறாமல் வருவது, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று வரவேயில்லை. "அவளுக்கு எப்படியோ தெரிஞ்சிபோச்சு. கோவிச்சிக்கிட்டா" என்று அலிமா பீவி உருகிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை மழையில் நனைந்து ஒரு தடித்த உறை வந்தது. இரண்டு நாட்டுக் கூட்டங்களுக்கும் சேர்த்து ஒரே அறிக்கை. பேட்டைக்குக் கொண்டுபோனேன். மழை இருட்டில் பகலிலேயே விளக்குப் போட்டு எல்லோரும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கைகள் நின்றன.

கப்பல் எண்பத்தாறாம் பக்கத்தில் இருந்தது. நான் முன்கூட்டியே படித்துப் பார்த்திருக்க வேண்டும். படிக்கவில்லை, ஆசையாக அங்கேயே திறந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். 'பயணிகள் கப்பலை மீண்டும் இயக்கும் கோரிக்கை இரு கரைகளிலும் எழுப்பப்பட்டது. எனினும் திருநெல்வேலியில் இதை எழுப்பிய அலிமா பீவிக்கு இலங்கையில் உறவினர் எவருமில்லை. புத்தளத்தில் இதை எழுப்பிய...'

அதற்கு மேல் வாசிக்காமல் அவளைப் பார்த்தேன்.

"வாசிங்க சார்."

"புத்தளத்தில் இதை எழுப்பிய ஷம்ஸியாவும் தமக்கு இந்தியாவில் எவருமில்லை என்றே தெரிவித்தார். ஆகவே இது உடனடித் தேவையாகக் கருதப்படவில்லை."

ஓட்டில் மழை கொட்டியது. அலிமா பீவி என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

"இதுல எது நான்? எது அவ?"

காட்டினேன். அடுத்தடுத்த வரி. இரண்டு பெயர்களுக்கும் நடுவில் ஒரு விரல் வைக்கத்தான் இடம் இருந்தது. அவள் விரலை அங்கே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவளும் தனக்குன்னு கேக்காம ஊருக்காகக் கேட்டிருக்கா பாருங்க, களவாணி" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. சபீதா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எம்மேலதாம்மா தப்பு" என்றேன்.

அவள் முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்தாள்.

"பேனா வச்சிருக்கீகளா சார்? டெல்லிக்கு ஒண்ணு, கொழும்புக்கு ஒண்ணு. ஊரு பேரு, சங்கம் பேரு ஒண்ணும் வேண்டாம். அக்காவும் தங்கச்சியும் பொய் சொல்லிட்டோம்னு எழுதுங்க."