உள்ளே விட்ட கை

பல் டாக்டர் பையை எங்கள் வீட்டு நாற்காலியில் வைத்துவிட்டு முதல் வேலையாகக் கையைத்தான் கழுவினார். பிறகு ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததுமே நான் என் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அவரும் என் வீட்டுக்காரரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. கம்ப்யூட்டரில் ஐந்து வருடப் பழக்கம். அவர் பல் பிடுங்கிய நேரம் போக, இவர் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்த நேரம் போக, ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு அணுக்கருவை இணைக்கப் பார்த்தார்கள். சிரிக்காதீர்கள், நான் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டேன். இரண்டு எஃகுக் கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து மூடினது போல ஓர் உருண்டை. அதிலுள்ள காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, கன ஹைட்ரஜன் வாயுவைத் துளியூண்டு விட்டு, நடுவிலிருக்கும் கம்பிக் கூண்டுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால், சூரியனுக்குள் நடக்கிற சங்கதி கொஞ்சம் இங்கேயும் நடக்குமாம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட மனிதரைக் ரிப்பேர் கடையில் எல்லோரும் ‘விஞ்ஞானி’ என்று கூப்பிட்டார்கள். கேலி என்று தெரிந்தும் இவர் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அந்த உருண்டையை ஸ்பிரிட்டால் அங்குலம் அங்குலமாகத் துடைத்து, மேல் கிண்ணத்தை மூடாமலே வெள்ளைத் துணியால் போர்த்திவிட்டு, போல்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். கட்டின பெண்டாட்டியை ஒருநாளாவது இத்தனை பதவிசாகத் தொட்டிருப்பாரா என்று வயிறு எரிந்தது. அப்படி என்னதான் இருக்கிறது இதற்குள் என்று துணியை விலக்கிக் கையை விட்டேன். அடியில் பம்புக்குப் போகிற குழாய்க்குள்ளும், போகிற வரைக்கும் விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை. சில்லென்று இருந்தது. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டதும் துணியைப் பழையபடி போர்த்திவிட்டேன்.

அதன் பிறகு முள் இறங்கவே இல்லை. அழுத்தம் காட்டும் மீட்டரில் இவர் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருந்தார். முள் அதற்குக் கீழே வந்தால்தான் வாயுவை விட முடியும். அது கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை தள்ளி வந்து நின்றுவிடும். எங்கோ பற்றவைத்த ஒட்டு ஒழுகுகிறது என்றார். இவர் ஒட்டின குழாய் ஒழுகினதாகச் சரித்திரமே கிடையாது. அறுத்து ஒட்டினார், மறுபடி அறுத்து ஒட்டினார், எட்டு மாதம். ஒருநாள் டாக்டரிடம் போனில் பேசும்போது காதில் விழுந்தது. எண்ணெய்க் கை பட்டாலே போதும், அந்த எண்ணெய் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும், முள் இறங்காதாம். ஆனால் அதற்கு வழியில்லை, நானே துடைத்து மூடினேன் என்றார். டீ டம்ளரோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். முதலில் திட்டுக்குப் பயம், பிறகு வெட்கம், பிறகு இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

கடைசியில் கடை வேலையையும் விட்டுவிட்டார். கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

“என் கை பழைய கை இல்ல. இனிமே ஒரு ஃப்ரிட்ஜக்கூட நம்பித் தொட முடியாது.”

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, முகம் கழுவப் போன இடத்திலேயே விழுந்துவிட்டார். பிறகு எழுந்திருக்கவில்லை.

உருண்டையைத் தன் ஊருக்கு எடுத்துப்போகத்தான் டாக்டர் வந்திருந்தார். ஸ்பேனரைக் கையில் எடுத்தபோது சொல்லிவிட்டேன்.

“தம்பி, அந்தக் குழாய்க்குள்ள நான் கைய விட்டேன். எண்ணெய்க் கை.”

அவர் நிமிரவில்லை. “அண்ணனுக்குத் தெரியுமா?”

“சொல்லல.”

உருண்டையைத் திறந்து, குச்சியில் துணி சுற்றிக் குழாயைத் துடைத்தார். துணி பழுப்பாக வந்தது. நாலு துணி மாற்றினார். திரும்ப மூடி, பம்பைப் போட்டுவிட்டுச் சொன்னார்: “ஒட்டு எதையும் நான் தொடல அண்ணி. எல்லாம் அண்ணன் போட்டதுதான்.”

இரண்டு மணி நேரம் இருவரும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் பழைய இடத்துக்கு வந்தது. நிற்கும் என்று நினைத்தேன். நின்றுவிடக் கூடாதா என்றுகூட நினைத்தேன், பாவி. அது நிற்காமல் இறங்கிச் சிவப்புக் கோட்டைத் தாண்டியது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவர் வாங்கி வைத்த வாயு அப்படியே இருக்கிறது, விடட்டுமா என்று கேட்டார். நான் வேறொன்று கேட்டேன்.

“பம்ப நிறுத்தினா முள்ளு ஏறிடுமா?”

“வால்வ மூடிட்டு நிறுத்தலாம். ஒட்டு சரியா இருந்தா ஏறாது.”

“நிறுத்துங்க.”

வால்வை மூடிப் பம்பை நிறுத்தினார். ஆணியில் தொங்கிய இவருடைய கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டேன். எனக்குப் பெரிசு, விரல் நுனியெல்லாம் மடங்கிக்கொண்டு நின்றது. இவர் கடைசியாகப் போட்ட ஒட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தேன். முள் அசையவில்லை.